ஹுவா ஹின்ல 155 பவுண்டு 65 பென்ஸ்

(திரையில்: மழையில் நனையும் லீட்ஸ் தெரு. பிறகு ஹுவா ஹின் கடற்கரை.)

155 பவுண்டு 65 பென்ஸ். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

2016 ஏப்ரல்ல பிரிட்டன் தன்னோட அரசு ஓய்வூதியத்தை மாத்தி அமைச்சுது. புதுத் திட்டத்துல முழுத் தொகை, வாரத்துக்கு இவ்வளவுதான். லீட்ஸ்ல ஒரே டிப்போவுல பஸ் ஓட்டின ரெண்டு பேர், அந்த வருஷம் முழுத் தொகையோட ஓய்வு பெறுறாங்கன்னு வைங்க. ஒருத்தர் ஊரை விட்டு நகரல. இன்னொருத்தர் வீட்டை வித்துட்டு தாய்லாந்துல ஹுவா ஹின்ங்கிற கடற்கரை ஊருக்குக் கிளம்பிட்டார்.

கிளம்பினவரோட கணக்கு தப்புன்னு சொல்ல மாட்டேன். தெருவோரக் கடையில 50, 60 பாட் (தாய்லாந்துப் பணம்) இருந்தா வயிறு நிறையும். வாடகை லீட்ஸை விட ரொம்பக் கம்மி. குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்குற கேஸ் பில்லுங்கிற பேச்சுக்கே இடமில்ல. இணையத்துல "மாசம் இவ்வளவு இருந்தா தாய்லாந்துல ராஜா மாதிரி வாழலாம்"னு போடுற வீடியோ எல்லாம் இந்த இடத்தோட முடிஞ்சுடும். ஆனா அதெல்லாம் முதல் வருஷத்துக் கணக்கு. ஓய்வு வாழ்க்கை இருபது, இருபத்தஞ்சு வருஷம் போகுமே?

(திரையில்: இரண்டு எண்கள், பக்கத்துப் பக்கத்தில்.)

பிரிட்டன்ல ஓய்வூதியம் வருஷா வருஷம் ஏறும். விலைவாசி ஏற்றம், சராசரிச் சம்பள ஏற்றம், 2.5 சதவீதம், இந்த மூணுல எது பெருசோ அந்த அளவுக்கு. 2023ல மட்டும் 10.1 சதவீதம் ஏறிச்சு. 2025 ஏப்ரல்ல லீட்ஸ்காரருக்கு வாரம் 230 பவுண்டு 25 பென்ஸ் ஆயிடுச்சு.

ஹுவா ஹின்காரர்? அதே 155.65. ஒரு பென்ஸ் கூட ஏறல. அந்தக் கணக்குப்படி வருஷத்துக்கு 3,879 பவுண்டு வித்தியாசம்.

ஏன்னா, ஓய்வூதியம் ஏறுமா ஏறாதாங்கிறது நீங்க எந்த நாட்டுல குடியிருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் எல்லாம் ஏறுற பட்டியல். தாய்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா ஏறாத பட்டியல். நயாகரா அருவிக்கு அமெரிக்கக் கரையில குடியிருந்தா ஏறும், எதிர்க்கரையில கனடாவுல இருந்தா ஏறாது. இதுல என்ன நியாயம்னு கேட்டா எனக்கும் விளங்கல. தென்னாப்பிரிக்காவுல குடியேறின ஆனெட் கார்சன் இதே கேள்வியோட ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனார். 2010ல 11 நீதிபதிகள் எதிராவும் 6 பேர் ஆதரவாவும் நின்னதுல தோத்துப் போனார்.

லண்டன்ல முப்பது வருஷம் உழைச்சுட்டு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ திரும்பலாம்னு நினைக்கிற நம்மாட்கள் இதைக் கவனிக்கணும். இலங்கை, இந்தியா ரெண்டுமே ஏறாத பட்டியல்லதான் இருக்கு.

(திரையில்: வங்கிப் பாஸ்புக்.)

அடுத்தது விசா. ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு தாய்லாந்து ஒவ்வொரு வருஷமா தங்க அனுமதி தரும். அதுக்கு மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும், இல்லேன்னா தாய் வங்கியில 8 லட்சம் பாட் போட்டு வெக்கணும். ஒரு பவுண்டுக்கு 44 பாட்னு வெச்சுக்கிட்டா, நம்ம ஆளோட ஓய்வூதியம் மாசத்துக்கு 30,000 பாட்டைக் கூட எட்டாது. அப்போ வீடு வித்த காசுல சுமார் 18,000 பவுண்டு போய் வங்கியில உக்காரணும். அனுமதி கிடைச்ச பிறகும் மூணு மாசம் அதைத் தொடக்கூடாது. அதுக்கப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. பேருக்கு அது நம்ம பணம், அவ்வளவுதான். முன்னாடி பிரிட்டிஷ் தூதரகம் ஒரு வருமானக் கடிதம் கொடுக்கும், அதை வெச்சே பலர் சமாளிச்சாங்க. 2019லேர்ந்து அதையும் நிறுத்திட்டாங்க.

44 பாட்ங்கிறதும் நிலையான விலை இல்ல. 2007ல ஒரு பவுண்டு 65 பாட்டுக்கு மேல போச்சு. 2019ல 40க்குக் கீழே இறங்குச்சு. ஊர்ல விலை ஏறவே வேணாம், பவுண்டு சரிஞ்சாலே செலவு கூடிடும்.

வீடு வாங்கலாமான்னா, வெளிநாட்டவர் பேர்ல நிலம் கிடையாது. அடுக்குமாடியில ஃபிளாட் வாங்கலாம், அதுவும் கட்டடத்தோட மொத்தப் பரப்புல 49 சதவீதத்துக்குள்ள.

(திரையில்: மருத்துவமனை வரவேற்பறை.)

எனக்கு ரொம்பப் பயம் தர்றது மருத்துவம்தான். தாய் மக்களுக்கு இருக்கிற "30 பாட்" மருத்துவத் திட்டம் நம்ம ஆளுக்குக் கிடையாது. பிரிட்டன் அரசு மருத்துவமும் அந்த ஊர்ல குடியிருக்கிறவங்களுக்குத்தான். மிச்சம் இருக்கிறது தனியார் காப்பீடு. அறுபத்தாறு வயசுல கட்டுற பிரீமியம் எழுபத்தஞ்சுல பல மடங்கு ஆகும். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, இதயக் கோளாறை விலக்கி வெச்சுட்டுத்தான் பல நிறுவனங்கள் பாலிசியே தரும். காப்பீட்டை விட்டுட்டு, "ஏதாவது வந்தா அந்த 8 லட்சம் இருக்கே"ன்னு சொல்றவங்களும் உண்டு. ஒரு பைபாஸ் ஆபரேஷனுக்கு அது போயிடும், அதோட அடுத்த வருஷ விசாவும் போயிடும்.

அப்போ திரும்பிப் போயிடலாமேன்னு தோணும். போகலாம். நிரந்தரமாக் குடியேறத் திரும்பினா இலவச மருத்துவமும் கிடைக்கும், ஓய்வூதியமும் அன்றைய தொகைக்கு ஏறிடும். ஆனா லீட்ஸ்ல வித்த வீடு பழைய விலைக்குக் கிடைக்காது.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க ரெண்டு வாரம் போனாலும், அந்த ரெண்டு வாரத்துக்கு மட்டும் ஏறின தொகையைக் கேட்டு வாங்கலாம். ஹுவா ஹின் வந்து இறங்கினதும் மறுபடி 155 பவுண்டு 65 பென்ஸ்.