உதட்டைக் கவனிங்க: ஒட்டாத குறளும் ஒட்டுற குறளும்

[திரையில்: முகம் மட்டும், ரொம்ப நெருக்கத்தில். ஆள்காட்டி விரல் உதட்டின் மேல்.]

வணக்கம். விளக்கம் எல்லாம் அப்புறம். முதல்ல உங்க ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டு மேல வைங்க. பெருவிரைவு ரயில்ல பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களும் வைக்கலாம். எதிர்ல வீடியோவை அலறவிட்டுக்கிட்டு இருக்கிறவர் உங்களைப் பார்த்துச் சத்தத்தைக் குறைச்சாலும் குறைப்பார்.

வச்சாச்சா? இப்ப இதை மெதுவா சொல்லுங்க.

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்.

உதடு ரெண்டும் ஒரு தடவையாவது தொட்டுச்சா? தொட்டிருக்காது. சந்தேகமா இருந்தா இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க, நான் காத்திருக்கேன்.

அடுத்து இது.

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு.

ஒட்டிக்கிட்டே இருக்கு, இல்லையா? இப்ப பொருளுக்கு வருவோம். எதை எதை விட்டு விலகுறியோ, அது அதனால உனக்குத் துன்பம் இல்லைங்குது முதல் குறள். அதுல உதடு ஒட்டலை. பற்றில்லாதவனோட பற்றைப் பிடிச்சுக்கோங்குது ரெண்டாவது. அதுல உதடு ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்குது. ரெண்டும் ஒரே அதிகாரம், ‘துறவு’. 341 முதல் குறள், 350 கடைசிக் குறள்!

[தலைப்பு இசை. மூணு விநாடி போதும்.]

பாடப்புத்தகப் பகுதியை ஒரே மூச்சுல முடிச்சிடுறேன்: முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, ரெண்டாவது எழுத்து ஒத்து வந்தா எதுகை, கடைசியில ஒத்து வந்தா இயைபு. உயர்நிலைப் பள்ளியில இதுக்கு அடிக்கோடு போட்டு மதிப்பெண் வாங்கியிருப்பீங்க. அடிக்கோடு போட்டோமே தவிர, அந்த ஓசை அங்க என்ன வேலை பார்க்குதுன்னு யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

சரி, உதட்டுக்கே திரும்புவோம். எனக்கு இதை விட மனசில்லை.

[திரையில்: குறள் 350. ஒவ்வொரு ‘ப’வும் சிவப்பு நிறத்தில்.]

பகரமும் மகரமும் ரெண்டு உதடும் சேர்ந்து பிறக்கும், வகரத்துக்கு மேல்பல்லு கீழுதட்டைத் தொடும்னு தொல்காப்பியம் பிறப்பியல்லயே சொல்லுது. அதைக் கையில வச்சுக்கிட்டு எண்ணிப் பாருங்க. இந்தக் குறள்ல ‘பற்று’ ஆறு தடவை வருது. ஆறு தடவையும் உதடு மூடித் திறக்குது. ஏழாவது சீர் என்ன? ‘விடற்கு’. விடுறதுக்காக. அங்க பல்லு லேசா உரசுதே தவிர, உதடு ரெண்டும் சேரலை. விடுன்னு சொல்ற இடத்துல வாயும் விட்டுடுது.

341க்கு வாங்க. இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு நான் தூங்கலை. உதட்டை ஒட்ட வைக்காத எழுத்துலயும் உ, ஊ, ஒ, ஓ மாதிரி சிலது உதட்டைக் குவிக்கும். அந்தக் குறள் முழுக்க அப்படிக் குவியுற இடம் ஒண்ணே ஒண்ணுதான், ‘நோதல்’. மத்த இடத்துல எல்லாம் வாய் தளர்ந்து கிடக்கு, துன்பம்னு சொல்ற ஒரே சொல்லுல மட்டும் சுருங்குது. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க.

வள்ளுவர் தெரிஞ்சுதான் செஞ்சாரா? கருத்துப் பகுதியில எப்படியும் சண்டை வரும், அதனால ஒரு எச்சரிக்கையை நானே சொல்லிடுறேன். நம்ம கையில இருக்கிற குறள் வரிசை பரிமேலழகர் உரையோட வரிசை. மணக்குடவர் மாதிரி முந்தைய உரைகாரர்கள் சில அதிகாரங்கள்ல குறளை வேற வரிசையில வச்சிருக்காங்க. அதனால ‘முதல்ல ஒட்டாது, கடைசியில ஒட்டும்’ங்கிற அழகுக்கு வள்ளுவருக்கு மட்டும் மாலை போட முடியாது. ஆனா ஒரே சொல்லை ஆறு தடவை வைக்கிறது கை தவறி நடக்கிற காரியமா? எனக்குத் தோணலை.

இங்க ஒரு கேள்வி வரும். ‘ப’ வந்தாலே பற்றுன்னு அர்த்தமா? இல்லவே இல்லை. இதைக் கேளுங்க.

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

‘துப்பாக்கி’ன்னதும் சிரிக்காத பிள்ளை சிங்கப்பூர்ல இருந்தா எனக்குக் காட்டுங்க. இங்க அது ‘உணவாக்கி’. சாப்பிடுறவங்களுக்கு உணவை விளைவிச்சுக் குடுத்து, தானும் உணவாகுது மழை. அதே ப்ப, அதே உதடு, ஆனா பற்றுக்கு இங்க வேலை இல்லை. போன வாரம் எங்க புளோக் கீழ்த்தளத்துல, குடை இல்லாம மாட்டிக்கிட்டு நின்னேன். முதல்ல தகரக் கூரையில துப், துப், துப்னு நாலஞ்சு சொட்டு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள கொட்டித் தீர்த்துடுச்சு, எதிர் புளோக் கண்ணுக்கே தெரியலை. குறள்லயும் அதேதான்: அஞ்சு ‘துப்’ சொட்டு, அப்புறம் ‘தூஉம்’னு இழுத்துக்கிட்டு ஒரே ஊத்தல். அந்த ‘உ’ அளபெடை, அதாவது ஓசையை நீட்டுறதுக்குச் சேர்க்கிற எழுத்து. தட்டச்சுப் பிழைன்னு நினைச்சு நீக்கிடாதீங்க. ஓசைக்குன்னு தனியா அர்த்தம் கிடையாது. பக்கத்துல எந்தப் பொருள் இருக்கோ, அதோட நிறத்தை வாங்கிக்குது.

போட்டி மேடையில முப்பது விநாடியில பத்துக் குறள் ஒப்பிக்கச் சொல்றதுல எனக்கு இருக்கிற கோபமும் இதுதான். அந்த வேகத்துல ‘தூஉம்’ எங்க பெய்யும்?

[திரையில்: வாழைப்பழம் ஒண்ணு. ஆமா, நிஜ வாழைப்பழம்.]

நம்ம பக்கத்து வீட்டுக்கும் போயிட்டு வந்துடுவோம். மலாய்க்காரங்களோட நாலு வரிப் பாட்டு, பந்துன்.

பீசாங் அமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபிஜி டி அத்தாஸ் பெத்தி;
ஹூத்தாங் அமாஸ் போலே டிபாயார்,
ஹூத்தாங் பூடி டிபாவா மாத்தி.

தங்க வாழைப்பழத்தோட கடல் பயணம் போனாங்க, பெட்டி மேல ஒரு பழம் பழுத்துச்சு. தங்கக் கடனை அடைச்சிடலாம், நன்றிக் கடன் சாகுற வரைக்கும் கூடவே வரும். பழத்துக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்? பொருள்ல தேடினா பெருசா ஒண்ணும் கிடைக்காது. சம்பந்தம் சத்தத்துல இருக்கு. பெலாயார் போய் டிபாயாரைக் கூட்டிக்கிட்டு வருது, பெத்தி போய் மாத்தியைக் கூட்டிக்கிட்டு வருது. முதல் ரெண்டு வரிக்குப் பெயரே ‘பெம்பாயாங்’, வரப்போறதோட நிழல். சாவுங்கிற சொல் வர்றதுக்கு முன்னாடியே அதோட ஓசை நம்ம காதுல உட்கார்ந்திருக்கு. அந்தப் ‘பெத்தி’ யாருன்னு தெரியுதா? நம்ம பெட்டிதான், கப்பலேறி மலாய்க்குப் போனது. தமிழ் வரிகள் புறப்படும்போதே கை கோத்துக்கும், பந்துன் வரிகள் போய்ச் சேர்ந்த பிறகு கை கோக்கும்.

கம்பனைச் சொல்லாம விட்டா நாளைக்குத் தேக்காவுல, நம்ம லிட்டில் இந்தியாவுல, என்னால நடக்க முடியாது. சூர்ப்பணகை அழகி வேஷத்துல வர்ற பாட்டு, ‘பஞ்சி ஒளிர் விஞ்சு குளிர்’. நாலு அடியில ‘ஞ்ச’ ஓசை எட்டு தடவை. சலங்கைச் சத்தம்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான். எனக்குப் பிடிச்சது அது இல்லை. பஞ்சுல ஆரம்பிச்ச அந்த மெத்து மெத்து ‘ஞ்ச’, கடைசி அடியில ‘வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்’னு முடியுது. கொடிக்கும் விஷத்துக்கும் ஒரே ஓசை. காது மயங்கிக் கிடக்கும்போதே விஷம் உள்ள போயிடுது. ராமன் ஏமாறலை, நாம ஏமாந்துட்டோம்.

கடைசியா உங்களுக்கு வீட்டுப்பாடம். உதடு ஒட்டாம, குவியாமப் பாடுறதுக்கு நம்ம ஆளுங்க ‘நிரோட்டம்’னு பேர் வச்சு, 17ஆம் நூற்றாண்டுல சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல ஒரு அந்தாதியே அப்படிப் பாடிட்டார். நாம ஒரு வரி எழுத மாட்டோமா? நம்ம ஊரைப் பத்தி, நிரோட்டத்துல. ‘சிங்கப்பூர்’ ஆகாது, ‘ப்பூ’ கெடுத்துடும். ‘சிங்கை’ ஆகும். ‘கோப்பி’ ஆகாது, ‘தேநீர்’ ஆகும். அப்பாவும் அம்மாவும் ஆகாது, தாத்தா ஆகும்.

என்னோடது இது: ‘தேக்காக் கடையில் தேநீர் தா!’

உங்க வரியைக் கீழ எழுதுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி விரலை வச்சுச் சரிபார்த்துடுங்க, நானும் வச்சுத்தான் படிப்பேன்.