ஒரு சிறு சட்டிப் பாலாடைக்கட்டி

வணக்கம், நேயர்களே.

ஏதென்ஸ் நகரின் டிப்பிலான் வாசலுக்கு வெளியே, கி.மு. 306 வாக்கில், எபிகூரஸ் என்ற கிரேக்கத் தத்துவ ஞானி, அந்தக் காலத்துப் பணத்தில் 80 மினா கொடுத்து ஒரு தோட்டம் வாங்கினார். கி.மு. 270-இல் கண்மூடும் வரை நண்பர்களோடு கூடிப் பேசி அங்கேயே வாழ்ந்தார். அந்தத் தோட்டத்து மனிதர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எதை வேண்டும் என்றார்கள், எதை வேண்டாம் என்றார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. மாதம் பிறந்தால் தவணை கட்டும் நமக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்பமே வாழ்வின் நோக்கம் என்று எபிகூரஸ் வெளிப்படையாகச் சொன்னார். கெட்ட பெயர் வர அது போதாதா? அவரிடம் படித்துவிட்டுப் பிரிந்துபோன திமொக்ராத்தீஸ், இந்த ஆள் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு நாளுக்கு இரண்டு முறை வாந்தி எடுக்கிறார் என்று எழுதியே வைத்தார். ஆனால் எபிகூரஸின் கடிதங்களைப் பார்த்தால் வேறு மனிதர் தெரிகிறார். தண்ணீரும் சாதாரண ரொட்டியும் போதும் என்கிறார். ஒரு நண்பருக்கு எழுதுகிறார்: "ஒரு சிறு சட்டியில் பாலாடைக்கட்டி அனுப்பி வை. வேண்டும்போது விருந்து உண்பேன்."

இந்த இரண்டு வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கவனியுங்கள், அவர் கேட்கிறார். வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. எல்லாவற்றையும் துறந்தவர் சட்டி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுத மாட்டார். அதே சமயம், அவர் விருந்து என்று சொல்வது பாலாடைக்கட்டியை. ஆடு வளர்க்கிற எந்தக் கிரேக்க வீட்டிலும் இருந்திருக்கக்கூடிய பொருள். வெறும் ரொட்டிக்குப் பழகிய நாக்குக்கு அது விருந்தாகிவிடுகிறது. ஆடம்பரம் யாருக்கு மிகக் குறைவாகத் தேவையோ, அவரே அதை மிக நன்றாக அனுபவிப்பார் என்று மெனொய்க்கெயுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். நேயர்களே, இதை மறுபடியும் சொல்கிறேன்: எளிமை அவருக்கு இன்பத்தைக் கூட்டும் வழி.

இது தானாக வந்துவிடவில்லை, அவர் பழகிக்கொண்டார். இதைச் சொல்பவர் செனெக்கா. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர், ரோமாபுரிக்காரர், அதிலும் எதிரணியான ஸ்டோயிக் என்ற தத்துவத் தரப்பைச் சேர்ந்தவர். எபிகூரஸ் சில நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்று வேண்டுமென்றே அரைகுறையாகச் சாப்பிடுவாராம். எதற்கு? இன்பம் உண்மையில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க. குறைந்தால், அந்தக் குறையை ஈடுகட்டப் பெரும்பாடு படுவது தகுமா என்று பார்க்க. ஒரு காசுக்கும் குறைவான செலவில் தன் சாப்பாடு முடிகிறது, தன் நெருங்கிய தோழர் மெட்ரோதோரஸ் இன்னும் அவ்வளவு தேறவில்லை, அவருக்கு முழுக் காசு வேண்டியிருக்கிறது என்று பெருமையாகக் கடிதம் வேறு எழுதியிருக்கிறார்.

அந்த இரண்டாவது கேள்விதான் நமக்கு. எவ்வளவு குறைகிறது என்று பார்க்காமலே நாம் ஈடுகட்டப் புறப்பட்டுவிடுகிறோம். கைபேசி நன்றாகத்தான் வேலை செய்கிறது; புதிதாக ஒன்று வந்துவிட்டது; தவணை போடுகிறோம்; தவணைக்காகக் கூடுதல் நேர வேலை; வீடு திரும்பும்போது குழந்தை தூங்கிப்போயிருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் பழையதையே வைத்துக்கொண்டு, என்ன குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அவ்வப்போது ஒரு நாள் நீராகாரமும் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். மறுநாள் சுடுசோற்றில் நெய் விழும்போது வரும் வாசனை இருக்கிறதே, அதைக் கடையில் வாங்க முடியாது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். எளிய வாழ்க்கை என்ற பெயரில் வீட்டில் இருப்பதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பார்வைக்கு எளிமையான சாமான்களை அதிக விலைக்கு வாங்கி அடுக்குகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம். எளிமைக்கும் ஓர் அளவு உண்டு, அதைக் கவனிக்காதவனும் அளவில்லாமல் திரிபவனைப் போலவே கெடுகிறான் என்பது எபிகூரஸ் தரப்பின் வாக்கு. 1888-இல் வத்திக்கான் நூலகத்தில் கிடைத்த சுவடியில் இருக்கிறது.

கி.மு. 294-இல் தெமேத்ரியஸ் என்ற மன்னன் ஏதென்ஸை முற்றுகையிட்டான். ஊரில் பஞ்சம். கூரையிலிருந்து விழுந்த செத்த எலிக்காக அப்பனும் மகனும் அடித்துக்கொண்டார்கள் என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். அந்த நாட்களில் எபிகூரஸ் அவரையை எண்ணி எண்ணித் தோழர்களுக்குப் பங்கிட்டு உயிர் காத்தார். குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய கூட்டம் அது. பழகியதோடு, பகிர்ந்தும் கொண்டது.

நட்பைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு முன், யாரோடு சாப்பிடுகிறோம் என்று பார்க்கச் சொன்னார். தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்து பயின்றார்கள். மாதந்தோறும் 20-ஆம் நாள் எல்லோரும் கூட வேண்டும் என்று உயில் எழுதினார். மீஸ் என்ற அடிமைக்கு அதே உயிலில் விடுதலை தந்தார். தமக்கு முன்பே இறந்துபோன மெட்ரோதோரஸின் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பையும் அதிலேயே ஒப்படைத்தார். வாய்ப்புக் கிடைத்தால் அந்த உயிலைப் பற்றித் தனியாகப் பேசுகிறேன். வணக்கம்.