மெட்டு இல்லாமல் வந்து சேர்ந்த பாட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இளைஞர் குழு ஒன்று 1973-இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. குழுவின் பெயர் ஓகன்வைடெ. தட்டுக்கும் அதே பெயர்தான். வெளியிட்டது பாலிடார் நிறுவனம், தயாரித்தவர் ராக் பாடகர் ஆஹிம் ரைஷெல். இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன், பென்டாங்கிள் போன்ற குழுக்கள் நாட்டுப்பாடலையும் ராக்கையும் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்த காலம் அது. ஓகன்வைடெ இன்னும் பின்னால் போய், 12, 13-ஆம் நூற்றாண்டுக் கவிதைகளை அந்தக் காலத்து ஜெர்மனிலேயே பாடியது.

இதைக் கேட்கும் பலர், எண்ணூறு ஆண்டுப் பழைய மெட்டு காதில் விழுவதாக நம்பிவிடுகிறார்கள். சொல் பழையது, மெட்டில் பெரும்பகுதி புதியது. காரணம் சுவடிகளில் இருக்கிறது. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் உள்ள மனெஸ்ஸே சுவடியில் 140 கவிஞர்களின் பாடல்களும் 137 வண்ணப் படங்களும் இருக்கின்றன. ஆனால் சுரக்குறிப்பு ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்தின் தலைசிறந்த கவிஞர் வால்தர் ஃபொன் டெர் ஃபோகல்வைடெ. ஐயமின்றி அவருடையது என்று சொல்லும்படி முழு மெட்டோடு கிடைத்தது 'பாலஸ்தீனப் பாடல்' என்ற சிலுவைப்போர்ப் பாட்டு ஒன்றுதான். ஆகவே அவர் கவிதையைப் பாட வேண்டுமானால், ஒன்று, அதே யாப்பில் அமைந்த வேறு பாட்டின் மெட்டை இரவல் வாங்க வேண்டும். அல்லது புதிதாக மெட்டமைக்க வேண்டும்.

மெட்டமைப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்கு இந்தத் தட்டிலுள்ள 'நியெமன் கன் மித் கெர்தென்' என்ற வால்தர் கவிதையே சான்று. பிரம்பால் அடித்து எந்தப் பிள்ளையையும் ஒழுக்கத்தில் நிறுத்த முடியாது; மேன்மைக்குக் கொண்டுவரத் தக்கவனுக்கு ஒரு சொல்லே அடிக்குச் சமம் என்பது கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்படி ஒருவர் பாடியிருக்கிறார் என்பதே மனதை நிறைக்கிறது. இதில் செய்யுளுக்கு எட்டு அடிகள். முதல் நான்கு அடிகளும் அப்படியே தலைகீழ் வரிசையில் திரும்பி வரும்: ஐந்தாம் அடி நான்காவதேதான், எட்டாம் அடி முதலாவதேதான். அசைகளை, அதாவது சிலபிள்களை, எண்ணினால் 6, 6, 7, 7. பிறகு 7, 7, 6, 6. நாலடிக்கு ஒரு மெட்டுப் போட்டு அதையே இரண்டாம் முறையும் பாடலாம் என்று இறங்கினால், ஆறு அசைக்குப் போட்ட இசைத்தொடரில் ஏழு அசை வந்து இடிக்கும். மெட்டும் கவிதையோடு திரும்பியாக வேண்டும், இல்லையேல் பின்பாதிக்கு வேறு மெட்டு வேண்டும்.

அடுத்தது உச்சரிப்பு. வால்தரின் முதுமைப் புலம்பலும் இந்தத் தட்டில் உண்டு: "ஐயோ, என் ஆண்டுகளெல்லாம் எங்கே மறைந்தன? என் வாழ்க்கை நான் கண்ட கனவா, நிஜமா?" இதில் வாழ்க்கையைக் குறிக்கும் 'லெபென்' அன்று குறில், இன்றைய ஜெர்மனில் அது நெடிலாகிவிட்டது. பழக்க தோஷத்தில் பாடகர் அதை நீட்டினால், தாளத்தின் ஒரு தட்டுக்குள் அடங்க வேண்டிய இரண்டு அசைகள் வெளியே வழிந்துவிடும். தாளம் தப்பியதாகத் தோன்றும். உண்மையில் தப்பியது உயிரெழுத்தின் அளவு. இந்தப் பாட்டின் நீண்ட அடிகளில் நடுவே ஒரு நிறுத்தமும் உண்டு. அதை விழுங்கிவிட்டால் புலம்பல் வெறும் வாசிப்பாகிவிடும்.

மூன்றாவது, கிட்டார். பாலஸ்தீனப் பாடல் டோரியன் என்ற பழைய இசைமுறையில் அமைந்தது. நம் கரகரப்பிரியா ராகத்தின் அதே ஏழு சுரங்கள். ராக் பழக்கமுள்ள கை, ஆதார சுரம் டி என்றால், முடிவுக்கு முன் ஏ மேஜர் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) பிடிக்கும். அந்தக் கார்டில் உள்ள சி ஷார்ப், தாழ்ந்த 'நி'யான கைசிகி நிஷாதத்தைத் தள்ளிவிட்டு, உயர்ந்த 'நி'யான காகலி நிஷாதத்தைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். பழைய சாயல் அந்த நொடியிலேயே போய்விடும். ஏ மைனரோ சி மேஜரோ பிடிக்கலாம். எல்லாவற்றிலும் நல்லது ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கீழே ஒலித்துக்கொண்டிருப்பது.

இதே குழு 1974-இல் வெளியிட்ட இரண்டாம் தட்டில் மெர்ஸபுர்க் மந்திரங்கள் வருகின்றன. இவை இன்னும் பழையவை. மெர்ஸபுர்க் தேவாலய நூலகத்தில் 1841-இல் கேயோர்க் வைட்ஸ் கண்டெடுத்து, மறு ஆண்டு யாகோப் கிரிம் பதிப்பித்தவை. குதிரையின் சுளுக்கிய காலுக்கு ஓதும் மந்திரம், "எலும்போடு எலும்பு, ரத்தத்தோடு ரத்தம், மூட்டோடு மூட்டு" என்று போகும். மோனையால் கட்டிய யாப்பு, சுரக்குறிப்பு இல்லை. ஓகன்வைடெ போட்ட மெட்டை, பைகுழல் முழங்க ராக் இசைக்கும் இன் எக்ஸ்ட்ரீமோ குழு 1999-இல் எடுத்துப் பாடிப் பரப்பியது. அந்த மெட்டைப் பழங்காலத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வயது ஆயிரம் இல்லை, ஐம்பது சொச்சம்தான். இடைக்கால மெட்டையே கேட்க விரும்புவோர், சுரக்குறிப்போடு கிடைத்துள்ள யேனா நகரத்துச் சுவடிப் பாடல்களையும், நைட்ஹார்ட் என்ற இடைக்காலக் கவிஞரின் பாடல்களையும் தேடிக் கேளுங்கள்.