தலைவனை விட அவனை நம்பி நின்றவர்களே!

நடுவர் அவர்களே, வணக்கம். போர்க்காலச் சரித்திரப் படங்களில் நம்மை உலுக்குவது தலைவனின் தியாகமா, அவனை நம்பி நின்றவர்களின் விசுவாசமா என்பது தலைப்பு. விசுவாசம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை எடுத்தார். கயத்தாறில் தூக்குமேடைக்குப் போகும் சிவாஜியைப் பற்றிச் சொன்னபோது நானும் கைதட்டினேன். சரி, அதே படத்தில் ஜெமினி கணேசன் கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவனாக வருகிறாரே, அவரை ஏன் விட்டீர்கள் அக்கா? கெட்ட கனவு கண்ட அவன் மனைவி வெள்ளையம்மாள், போருக்குப் போகாதே என்று அழுது தடுக்கிறாள். அப்படியும் போகிறான். கப்பம் கேட்டது கட்டபொம்மனிடம், பாளையமும் அவருடையது, அதனால் அவர் எதிர்த்து நின்றே ஆக வேண்டும்; வெள்ளையத்தேவனுக்கு என்ன கட்டாயம்? பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்திருக்கலாமே!

தலைவன் இல்லாமல் தொண்டன் ஏது என்றும் கேட்டார்கள். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள், கோட்டையையும் இடித்தார்கள். அதோடு எல்லாம் முடிந்துவிட்டதா? 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த அவர் தம்பி ஊமைத்துரையை ஆட்கள் புகுந்து மீட்டார்கள், பாஞ்சாலங்குறிச்சியில் சில நாட்களிலேயே மண்கோட்டை மறுபடி எழும்பி நின்றது. ஆங்கிலேயரின் கும்பினிப்படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, அதைப் பிடிக்க மே மாதம் வரை ஆனது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. கோட்டை விழுந்த பிறகு ஒரு தாய் தன் மகனைத் தேடிப் பிணங்களுக்கு நடுவே வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். தூக்கப் போனவளிடம், என்னை விடு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெற்ற மகனை அங்கேயே விட்டுவிட்டு அவரைத் தூக்கிப் போகிறாள் அந்தத் தாய். வெள்ளைக்காரர் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவர்மேல் வெள்ளைத்துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று பெண்கள் ஒப்பாரி வைக்க, வந்தவர்கள் தெறித்து ஓடுகிறார்கள். நம் ஊர்க்காரர் பெருமைக்குச் சொன்ன கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. எதிர்ப்படையில் நின்று சண்டை போட்ட வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியே 1830-இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நான் பார்த்த எந்தப் படமும் இவளை நாயகியாக வைக்கவில்லை. வைத்தால் அதற்கு ஈடாக எந்த மன்னனின் வசனத்தைக் காட்டுவீர்கள் என்று அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறேன்.