பக்கத்தில் இருக்கிறதா, இல்லையா: அது போதும்

வணக்கம் நேயர்களே. ஒரு வட்டத்தின் மேல் நெருக்கமாகச் சில நூறு புள்ளிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வட்டம் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்ற பட்டியல் மட்டும்தான் கையில். நடுவே ஓர் ஓட்டை இருப்பதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

ஓர் அளவை வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். மூன்று புள்ளிகள் ஒன்றுக்கொன்று பக்கமாக இருந்தால் முக்கோணத்தை நிரப்புங்கள், நான்கு இருந்தால் நான்முகியை, அப்படியே மேலே மேலே. லியோபோல்ட் வியட்டோரிஸ் 1927-இல் கொண்டுவந்த யோசனை இது. பிற்பாடு எலியாஹு ரிப்ஸ் இதையே குலங்கள் (groups) எனப்படும் இயற்கணித அமைப்புகளை ஆராயப் பயன்படுத்தியதால், இப்படிக் கட்டிய அமைப்புக்கு வியட்டோரிஸ்-ரிப்ஸ் என்று இருவர் பெயரும் சேர்ந்துவிட்டது.

சரி, இப்படிக் கட்டியது மூல வடிவத்தைக் காட்டுமா? அளவு போதுமான அளவு சிறியதாக இருந்தால், வழவழப்பான மூடிய வடிவங்களுக்கு ஹோமோடோபி கணக்கில், அதாவது கிழிக்காமல் நீட்டியும் நசுக்கியும் பார்க்கும் கணக்கில், இரண்டும் ஒன்றே என்று 1995-இல் ஹவுஸ்மன் நிறுவினார். எல்லாப் புள்ளிகளும் வேண்டாம், அடர்த்தியாக எடுத்த சில புள்ளிகளே போதும் என்று 2001-இல் லாட்ஷேவ் காட்டினார்.

அளவைப் பெரிதாக்கினால் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வட்டத்தின் எல்லாப் புள்ளிகளையும் எடுத்து, சுற்றளவு 1 என்று வைத்து, தூரத்தை வில்லின் வழியே அளப்போம். சம இடைவெளியில் மூன்று புள்ளிகள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே தூரம் 1/3 என்பதால், அளவு 1/3-ஐத் தாண்டியதும் மையத்தைச் சுற்றி நிற்கும் முக்கோணமும் நிரம்பி, ஓட்டை அடைபட்டுவிடுகிறது. எல்லாம் முடிந்து ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சுருங்குவதில்லை! 1/3-க்கும் 2/5-க்கும் இடையே அது முப்பரிமாணக் கோளமாகிவிடுகிறது, நம் வெளியில் அடங்காமல் நாலு பரிமாணம் கேட்கிற கோளம். 2/5 தாண்டினால் ஐந்து பரிமாணம், 3/7 தாண்டினால் ஏழு, இப்படி ஒற்றைப்படையாக ஏறிக்கொண்டே போய் அளவு 1/2-ஐத் தாண்டிய பிறகுதான் ஒரு புள்ளியாகிறது. அடமாஷெக், ஆடம்ஸ் இருவரும் 2017-இல் வெளியிட்ட முடிவு இது.

அதனால் தரவுகளில் ஓட்டை தேடும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெரிய அளவில் திடீரென்று முப்பரிமாண ஓட்டை தெரிந்தால் இரைச்சல் என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள், அது சாதாரண வட்டத்தின் அடையாளமாகவே இருக்கலாம். பந்தின் மேற்பரப்புக்கு இப்படி எல்லா அளவுகளுக்குமான முழுப் பட்டியல் இன்னும் கணிதத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை.