ரப்பருக்கும் வயதாகும்

வணக்கம் நேயர்களே.

நான் ஜெர்மனியில், கொலோன் நகரில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். அலுவலக வேலை. மெக்கானிக் படிப்பு எதுவும் படித்ததில்லை. ஆனாலும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது கையில் கிரீஸ் படாவிட்டால் எனக்கு அந்த மாதமே ஓடாது. காரணம் ஒரு கார். பி.எம்.டபிள்யூ 328ஐ, இரண்டு கதவு கூபே, 1995 அக்டோபரில் பதிவானது. இந்தத் தலைமுறை 3 சீரிஸுக்குக் கம்பெனிக்குள் வைத்த குறியீடு ஈ-36. பிரியர்கள் அதையே பெயராக்கிக்கொண்டார்கள்.

இன்றைய கணக்கில் இது பெரிய வேகக்கார் இல்லை. 2.8 லிட்டர், 193 குதிரைத்திறன். ஆனால் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின் அது. நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டும்போது அதன் குரல் மாறும். அந்தக் குரலுக்காகவே மேட்டுப்பாதையைத் தேடிப் போகிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். எடை 1,400 கிலோ சுமார்தான். முன்னாலும் பின்னாலும் எடை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்று பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்து, அங்கிருந்து எஞ்சின் வரைக்கும் கனத்த கேபிள் இழுத்திருக்கிறார்கள். இப்படி யோசித்துக் கட்டிய வண்டியை ஓட்டினால், ரோட்டில் சின்னக் கல் கிடந்தாலும் ஸ்டியரிங் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும்.

2011-இல் ஐஃபெல் மலைப்பகுதியில் ஒரு கிராமத்துப் பெரியவரிடம் 3,200 யூரோ கொடுத்து வாங்கினேன். வாங்கியதும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? 17 அங்குல அலாய் வீல் போட்டேன். வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் எதையும் தொடவில்லை. ஓடுகிறதே, அதை ஏன் கழற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த அக்டோபர் கடைசியில் 61-ஆம் எண் ஆட்டோபானில், அதாவது அதிவேக நெடுஞ்சாலையில், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல குளிர், ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று முகத்தில் ஜில்லென்று காற்று அடித்தது. மீட்டரைப் பார்த்தேன். வெப்பமுள் நடுவில் அசையாமல் நிற்கிறது. சரி, ஹீட்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு முள் ஒரே மூச்சில் சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டுவதற்குள் பானெட் ஓரமெல்லாம் ஆவி.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், பழைய கார் யார் வைத்திருந்தாலும் உதவும். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், எஞ்சினைச் சுற்றிவிட்டு ஹீட்டருக்குள்ளும் போய் வருகிறது. அதன் சூட்டில்தான் நமக்கு வெந்நீர் போலக் காற்று வருகிறது. கூலன்ட் குறைந்தாலோ, பம்ப் தள்ளாமல் நின்றாலோ ஹீட்டருக்குச் சூடு போகாது. அதாவது சூடாக ஓடிய ஹீட்டர் திடீரென்று குளிர்ந்தால் எஞ்சின் வேகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்த வண்டியின் முள்ளோ, வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது நகர ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

இங்கே வாடகைப் பட்டறை என்று ஒன்று உண்டு. ஜெர்மன்காரர்கள் 'மீட்வெர்க்ஷ்டாட்' என்பார்கள். மணிக்கணக்கில் பணம் கட்டினால் ஒரு லிஃப்ட்டும் ஒரு பெட்டி ஸ்பானரும் நம் கையில். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வண்டியைப் பிரித்துப்போட முடியாது. தெருவில் ஆயில் மாற்றினால் அபராதம் வரும், ஒரு சொட்டு மண்ணில் இறங்கினாலும் நிலத்தடி நீர் கெடும் என்பார்கள். பழைய ஆயிலை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், பில் மட்டும் வேண்டும். எனக்கு இந்த ஒழுங்கு பிடிக்கும். அதனால்தான் இந்தப் பட்டறைகள் உயிரோடு இருக்கின்றன, எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களும் அங்கேதான் கிடைத்தார்கள்.

வாட்டர் பம்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். தண்ணீரைத் தள்ளும் விசிறி பிளாஸ்டிக். தொட்டதும் பாதி உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது, பழுப்பேறி, பழைய பக்கெட் ஓட்டைப் போல. அச்சு சுற்றுகிறது, அதோடு சேர்ந்து சுற்ற வேண்டிய விசிறி சும்மா நிற்கிறது. பக்கத்து லிஃப்ட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "எத்தனை வருஷமா இது உள்ளே இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. அலாய் வீலுக்குக் கொடுத்த காசில் பாதி போட்டிருந்தால் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், கூலன்ட் டேங்க், ஹோஸ் எல்லாமே புதிதாகியிருக்கும்.

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்டு, அதாவது அடிப்பரப்பைச் சமமாக்கி, வாங்கி வரவும், மறுபடி பூட்டவும் மூன்று மாதம் ஆனது. இந்த எஞ்சினின் பிளாக் அலுமினியம். ஹெட் போல்ட்டை முதலில் டார்க் ஸ்பானரில் இறுக்கி, அப்புறம் 90 டிகிரி, மறுபடி ஒரு 90 டிகிரி திருப்ப வேண்டும். அந்த இரண்டாவது 90 டிகிரியில் மூச்சே விட முடியாது. சூடு கண்ட அலுமினியத்தில் மரை கழன்று வந்தால் எல்லாம் முதலிலிருந்து. அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்று, "நிறுத்தாதே, ஒரே இழுப்பா இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினான்கு போல்ட். பதினான்கும் பிடித்தன.

அன்றிலிருந்து என் எண்ணம் மாறியது. பழைய கார் என்றால் எல்லோரும் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். இரும்புக்குக் கிலோமீட்டர் முக்கியம்தான். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வருடம்தான் முக்கியம். ஷெட்டில் மூடி வைத்த வண்டியிலும் ரப்பர் வெடிக்கும், பிளாஸ்டிக் நொறுங்கும்.

எந்த வண்டியை எடுத்தாலும் அதற்கென்று ஒரு தெரிந்த நோய் இருக்கும். மெர்சிடிஸ் 500ஈ என்று ஒன்று, 1990 முதல் 1995 வரை வந்தது. எட்டு சிலிண்டர், 326 குதிரைத்திறன். போர்ஷே கம்பெனியின் சுஃபன்ஹவுசன் தொழிற்சாலையில் வைத்துக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் மெர்சிடிஸ் எஞ்சின் வயரிங்கில் மக்கக்கூடிய உறை போட்டார்கள், நல்ல எண்ணத்தில்தான். எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து அது அப்பளம் போல ஆகிவிடும், விரலால் வளைத்தால் உதிர்ந்து உள்ளிருக்கும் செம்பு தெரியும். போர்ஷே 944-இல், வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் போச்சு. என் வண்டிக்கு அடுத்த தலைமுறை 3 சீரிஸின் வேகக்காரான ஈ-46 எம்3 வாங்குகிறவர்கள் பின்பக்கத் தரைத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. இதெல்லாம் தெரிந்த விஷயங்கள். தெரிந்துகொண்டு வாங்கினால் பயமில்லை.

என் காருக்கு வருகிறேன். அடுத்த குளிர்காலம் முழுக்க ரப்பர் வேலை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் உலோகக் கையின் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்), பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல்மூடி, கியர்பாக்ஸை ஷாஃப்டோடு இணைக்கும் ரப்பர் வட்டு. பழைய பின்புஷ்ஷை வெளியே இழுத்து நகத்தால் அழுத்தினேன். ரப்பர் உலோக வளையத்தை விட்டுச் சுற்றிலும் கிழிந்திருந்தது, விரல் உள்ளே போகிற அளவுக்கு. இதை வைத்துக்கொண்டா இரண்டு வருடம் ஓட்டினேன் என்று கலங்கிப்போனேன்.

உதிரிபாகத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. காருக்கு முதலில் பாகம் செய்து கொடுத்த கம்பெனிகளே இன்றும் அதைத் தங்கள் பெயரில் விற்கின்றன. லெம்ஃபோர்டர், ஸாக்ஸ், பில்ஸ்டீன், மாலே. லெம்ஃபோர்டர் கையை வாங்கிப் பார்த்தால் ஓரிடத்தில் உலோகம் சுரண்டியிருக்கும். பி.எம்.டபிள்யூ முத்திரை இருந்த இடம் அது. அதே வார்ப்பு, முத்திரையைத் தேய்த்துவிட்டுக் குறைந்த விலையில் வருகிறது. அதைவிட மலிவாகப் பெயர் தெரியாத பாகம் கிடைக்கும். வாங்காதீர்கள். ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வைக்கும். ரப்பருக்குப் பதில் பாலியூரிதீன் புஷ் போடுகிறவர்களும் உண்டு. பந்தய வண்டிக்குச் சரி. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் ரப்பர்தான் சொல்வேன், இல்லையென்றால் ரோட்டின் சத்தமெல்லாம் சீட்டுக்கு வந்துவிடும்.

வசந்தத்தில் வண்டியை வெளியே எடுத்தேன். ஐஃபெல் மலையில் ஆடனாவ் ஊரைத் தாண்டி வளைவு வளைவாகப் போகும் ரோடு. அதே எஞ்சின், அதே 193 குதிரைத்திறன். ஆனால் வளைவின் நடுவில் காலை எடுத்தால் முன்பெல்லாம் பின்பக்கம் ஒரு தடவை குலுங்கும், அது இல்லை. இதற்கு நான் கூடுதலாக எதையும் பூட்டவில்லை. வண்டிக்குள் முதலிலிருந்தே இருந்தது திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

மாற்றியமைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் செய்திருக்கிறேன். பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூட்டை எடுத்துவிட்டு அலுமினியக் கூடு போட்டேன், பம்பில் உலோக விசிறி போட்டேன், பில்ஸ்டீன் ஷாக் போட்டேன். இந்த நாட்டில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீல், ஸ்பிரிங், சஸ்பென்ஷன் மாதிரி ஓட்டத்தைத் தொடுகிற பாகம் என்றால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும். பலவற்றுக்கு டியூஃப் போன்ற ஆய்வு நிலையத்தில் காட்டி, வண்டியின் பதிவிலும் எழுதி வாங்க வேண்டும். எழுதாமல் ஓட்டினால் வண்டியின் ஓட்ட அனுமதியே ரத்தாகலாம். என் 17 அங்குல வீலைப் பார்த்த பரிசோதகர் ஒரு சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி, டார்ச் அடித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்த்தார். பலர் இதைத் தொல்லை என்பார்கள். ஆட்டோபானில் மணிக்கு 200 கிலோமீட்டரில் என் பக்கத்தில் வருகிறவனின் வீலையும் ஒருவர் இப்படி விரல் விட்டுப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு நிம்மதி.

ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டுத் திரும்பவும் எடுத்தேன். என் 2.8 லிட்டர் எஞ்சின் முந்தைய 2.5 லிட்டரைவிட ஒரே ஒரு குதிரைத்திறன்தான் அதிகம், 192-க்கு 193. பெரிய எஞ்சினுக்கு ஏன் இவ்வளவுதான்? காற்று உள்ளே போகும் குழாயைக் குறுகலாக வைத்து, கீழ்ச்சுற்றிலேயே 280 நியூட்டன் மீட்டர் இழுவை வரும்படி செய்தார்கள். பழைய 2.5-இன் அகலமான குழாயை எடுத்து இதில் பூட்டினால் மேல்சுற்றில் எஞ்சின் சீறும். ஈ-36 வட்டாரத்தில் பேர்போன வேலை இது. நானும் முறைப்படி செய்து இரண்டு வருடம் ஓட்டினேன். மேலே நன்றாக இருந்தது. ஆனால் மலையேறும்போது மூன்றாயிரம் சுற்றில் முதுகைத் தள்ளும் இழுவை குறைந்துவிட்டது. நான் ஓட்டுகிற ரோட்டில் தினமும் வேண்டியது அதுதான். துணி சுற்றிப் பரணில் வைத்திருந்த பழைய குழாயை இறக்கிப் பூட்டினேன்.

2025-இல் வண்டிக்கு 30 வயது. முப்பது நிறைந்து, நல்ல நிலையில், அந்தக் காலத்துத் தோற்றத்தில் இருந்தால் நம்பர் பிளேட்டின் கடைசியில் 'ஹெச்' எழுத்து கொடுப்பார்கள். வரலாற்று வாகனம் என்று பொருள். வருட வரி எந்த எஞ்சினானாலும் சுமார் 191 யூரோதான். அந்தக் காலத்தில் வழக்கமாகச் செய்த மாற்றங்களை ஒத்துக்கொள்வார்கள், நேற்று வந்த பளபளப்பை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நவம்பரில் கொண்டுபோனேன். பரிசோதகர் நாற்பது நிமிடம் பார்த்தார். கதவுக்கு அடியில் துரு தேடினார், எஞ்சின் எண் பார்த்தார், ஷாக்கின் பதிவைப் படித்தார். கடைசியில் உள்ளே உட்கார்ந்து ஹார்ன், வைப்பர் எல்லாம் போட்டார். வெளியே மழை, கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. ஹீட்டர் திருகை முழுக்க சிவப்புப் பக்கம் திருப்பினார்.

நான் வெளியே நின்றுகொண்டு கண்ணாடியையே பார்த்தேன். கீழ் ஓரத்திலிருந்து பனி கலைய ஆரம்பித்தது.