இரண்டு கோளாறு ஒன்றாக வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். 1994-இல் அறிமுகமான சுமோ, 2000-இல் வந்த பொலிரோ போன்ற பழைய டீசல் வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களோடு பேச வந்திருக்கிறேன். கவனமும், வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால், இவற்றின் பல கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மூன்று தொந்தரவு சேர்ந்து வந்தால் ஒவ்வொன்றாகத் துரத்தாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்று முதலில் பாருங்கள்.

வண்டி ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறது. சற்று நேரத்தில் சூடு காட்டும் முள் ஏறுகிறது. பிரேக் பெடல் கல்லாக இறுகுகிறது. மூன்றுக்கும் காரணம், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைச் சுற்றவைக்கும் பெல்ட் அறுந்துபோனதாக இருக்கலாம். பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டர் வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில், வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அதற்குப் போதிய வேக்குவம் தானாகக் கிடைக்காது. தனி பம்ப் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தப் பம்ப் டைனமோவின் பின்பக்கத்திலேயே இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் சுற்றும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், “பேட்டரிதானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தயவுசெய்து ஓட்டாதீர்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் சில மிதிகளுக்குத்தான் வரும். பெடலை மீண்டும் மீண்டும் விட்டு மிதிக்காமல், கியரைக் குறைத்து, அழுத்தி மிதித்து ஓரங்கட்டுங்கள். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு. பழைய வண்டிகளில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான் என்பேன். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் முனகுகிறது. புது பேட்டரி போட்டும் அப்படியே. ஹெட்லைட் போட்டதும் சூட்டு முள் சட்டென்று ஏறுகிறது. பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. இப்படியெல்லாம் வந்தால் எர்த் இணைப்புகளைத்தான் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் உண்மையிலேயே சூடாகியிருந்தால் முள் மெல்லத்தான் ஏறும்; சுவிட்ச் போட்ட நொடியில் துள்ளாது. இதைக் கவனிக்காமல் ரேடியேட்டரைக் கழற்றச் சொல்வது வீண் செலவு.

சோதனை எளிது. நிறுத்திச் சில மணி நேரமான வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் தடை இருக்கிறது. மீட்டர் இல்லையா? பேட்டரிக்குப் பேட்டரி மாட்டும் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை அதே இரண்டு இடங்களுக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். செல்ஃப் கணீரென்று சுற்றினால் குற்றவாளி எர்த் பட்டைதான். போல்ட்டைக் கழற்றி, துருவையும் பச்சைப் பூப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பட்டை உள்ளே அரித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பின்விளக்குகளுக்குத் தனி எர்த் உண்டு. அதையும் இப்படியே சுத்தம் செய்ய வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆகிச் சில நொடியில் அணைந்து, பிறகு நெடுநேரம் செல்ஃப் அடிக்க வைக்கும் வண்டிகளும் உண்டு. ஃபில்டர் மேலுள்ள ஹேண்ட் பம்பை அழுத்தியதும் உடனே பிடிக்கிறதென்றால் டீசல் லைனில் காற்று புகுகிறது. “எங்கேயும் ஒழுகவில்லையே” என்பார்கள். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கும் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டியதில்லை. காற்றுதான் உள்ளே போகும், இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற ஹோஸைத் தற்காலிகமாக மாட்டச் சொல்லுங்கள். அதில் குமிழி ஓடினால், அங்கிருந்து டேங்க் வரையுள்ள ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். குமிழி இல்லையென்றால் ஃபில்டரின் வாஷரையும் ஹேண்ட் பம்பையும் பாருங்கள்.

வணக்கம்.